மடையாத்தாளின் புதுக் கல்

ராமாயியின் வீட்டுக்குப் பின்னால் ஊற்று கண் திறந்த அன்று ஏரிக்கரைக்குக் கீழே இருந்த கீழ்வளவு வீடுகளின் பெண்கள் எல்லாரும் கூடிக் குலவையிட்டார்கள். ஏரிக்கரையின் வெளிச்சரிவு வந்து முடிகிற இடத்தில், ஆட்டுப்பட்டிக்கும் கிளுவை வேலிக்கும் நடுவே, முதலில் ஒரு முறம் அகலத்துக்கு மண் நனைந்தது. பிறகு கசிந்தது. தை பிறப்பதற்குள் கொப்புளித்து ஓடவே ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் என்றால் அப்படி ஒரு தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல்லின் நிறம் தெரியும். குடிதண்ணீருக்கு மணியக்காரர் கிணறு வரை நடந்து, அங்கே முறைக்குக் காத்துக் கிடக்கிற பெண்களுக்கு இது சும்மா கிடைத்த சொர்க்கம். அதுவும் மாசமாக இருக்கிற ராமாயியின் வீட்டுப் பின்பக்கம் வந்து நிற்கிறது என்றால் யார் கருணை? மடையாத்தாள் கருணைதான் என்று ஊர் ஒரே வாயாகச் சொன்னது. புதுக் கல்லில் குடியேறிய சந்தோஷத்தில் ஆத்தாள் கொடுத்த சீதனம் என்றார்கள்.

கோடையில் ஏரி வற்றியபோது ஊற்றும் வற்றியது. அப்போதாவது ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆத்தாளுக்கும் வெயில் காலம் உண்டல்லவா என்று விட்டுவிட்டார்கள்.

ராமாயியின் அப்பன் மயில்சாமிதான் இந்தச் சந்தோஷத்தில் எல்லாரையும்விட நிமிர்ந்து நடந்தவன். அவன் சர்க்கார் சேவகன். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் சிவப்புப் பட்டையில் பித்தளை வில்லை மினுங்கும். தினமும் புளி போட்டுத் துலக்குவான். பெண்டாட்டி செத்து, ஒரே மகளை உள்ளூரிலேயே ஆண்டிக்குக் கட்டிக்கொடுத்து, அந்த ஆண்டியும் மேட்டூர் வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒரு தரம் தலைகாட்டுகிறவனாகிவிட்ட பிறகு, மயில்சாமிக்கு உலகத்தில் இரண்டே சொத்து. ஒன்று ராமாயி, இன்னொன்று அந்த வில்லை. எது பெரிது என்று கேட்டிருந்தால் மகள்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பான். மனதார நம்பியும் சொல்லியிருப்பான்.

வில்லை வந்த கதையைச் சொல்ல வேண்டும். கல்மடை என்ற அந்த ஊருக்குப் பேர் கொடுத்ததே ஏரியின் மடைதான். ஏரிக்குள்ளே, கரையை ஒட்டி, இரண்டு ஆள் உயரத்தில் இரட்டைக் கல்தூண்கள் நிற்கும். நடுவில் இருக்கிற கல் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் அடியில் இறங்கி, கரைக்குக் கீழே ஓடும் கல்வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகும். அந்தத் தூண்தான் ஊருக்கு மடையாத்தாள். வருஷா வருஷம் ஆடியில், ஏரி காய்ந்து கிடக்கும்போது, வீட்டுக்கு ஒரு கூடை ஏரிக் களிமண்ணை வெட்டிக்கொண்டு போய்த் தூணின் காலடியிலும், வாய்க்கால் கரைக்குள் நுழைகிற மூலையிலும் கொட்டுவார்கள். பெண்கள் கும்மியடித்துக்கொண்டே ஏறி மிதிப்பார்கள். மிஞ்சிய களியைத் தூணில் உச்சி வரைக்கும் அப்பி, மஞ்சள் பூசி, கிடாய் வெட்டுவார்கள். எதற்கு என்று கேட்டால், ஆத்தாளுக்கு உடம்பு குளிர வேண்டும் என்பார்கள். கேட்டவனும் கிடையாது.

இரண்டாவது உலகச் சண்டை மூளுவதற்கு முந்தின கோடையில் புதைபொருள் இலாகா ஓவர்சியர் உபகாரசாமி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சேலம் டவுன்காரர், கழுத்தில் சிலுவை போட்டவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். தூணில் ஒரு மூலையில் களி உதிர்ந்து எழுத்துத் தெரிவதைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, மையைத் தட்டித் தட்டி எழுத்தை ஒற்றி எடுத்தார். ஆயிரம் வருஷத்துக் கல் என்றார். ஊரைக் கூட்டிவைத்து, மடை கட்டியவன் பேரிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"இவ்வேரி காத்தான் பாதம் என் தலை மேலதுன்னு முடிச்சிருக்கான். இந்த ஏரியைக் காப்பாத்தறவன் யாரா இருந்தாலும் அவன் காலை என் தலையில தாங்கிக்கறேன்னு அர்த்தம்."

பாதம் என்று அவர் சொன்னபோது மயில்சாமி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற கீழ்வளவு மருத்துவச்சி ஆத்தாயி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவுக்கும் அவனை அப்போது யாரும் காவலுக்கு வைக்கவில்லை.

அடுத்த வருஷம் தூணைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. கரையின் மூலையும் வேலிக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. இரும்புக் கதவு வந்தது, பூட்டு வந்தது, 'சேதப்படுத்துவோருக்கு மூன்று மாதம் சிறை, ஐயாயிரம் ரூபாய் அபராதம்' என்று மிரட்டும் பலகையும் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஆள் என்று மயில்சாமிக்கு வில்லை வந்தது. உபகாரசாமி சாவியை அவன் கையில் கொடுத்து, "கல்லு மேல களிமண்ணு, மஞ்சள், எண்ணெய் எதுவும் படக் கூடாது. எழுத்து அரிச்சுப் போயிடும். உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார்.

அந்த ஆடியில் ஊர் கூடைகளோடு வந்தது. முதல் கூடை எப்போதும் கீழ்வளவு ஆத்தாயியுடையது. அவள் ராமாயிக்கு அடுத்த வீட்டுக்காரி, பிரசவம் பார்க்கிற கை, வாயும் கொஞ்சம் நீளம்.

"ஏப்பா மயிலு, கதவைத் தொறந்து உடு. கூடை பாரமா இருக்குது."

"உள்ள ஆரும் காலு வெக்கப்படாதுக்கா. சர்க்கார் உத்தரவு."

"கல்லுல பூசப்படாதுன்னுதான அந்த ஐயன் சொன்னாரு? காலடியில கொட்டறதுக்கு என்ன வந்துது?"

"உத்தரவுன்னா உத்தரவுதான். உள்ள ஒரு புடி மண்ணு உழுந்தாலும் எனக்கும் ஜெயிலு, உனக்கும் ஜெயிலு."

உத்தரவு கல்லுக்குத்தான் என்பது மயில்சாமிக்கும் தெரியாமலில்லை. ஆனால் இன்றைக்குக் காலடியில் கொட்டுகிறவர்கள் நாளைக்கு இடுப்பு வரை பூசுவார்கள் என்று நினைத்தான். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நேற்று வரைக்கும் அவனை ஏறெடுத்துப் பார்க்காத மணியக்காரர் கருப்பண்ணன், ஊரோடு சேர்ந்து அவன் பூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சாவி கையில் இருக்கிறவனுக்குத் திறப்பதைவிடப் பூட்டி வைப்பதில்தான் ருசி அதிகம். மயில்சாமி அந்த ருசியை அன்றைக்குக் கண்டான்.

பலகையிலிருந்த ஜெயிலும் அபராதமும் மணியக்காரர் வாயை அடைத்துவிட்டன. வழி சொன்னதும் ஆத்தாயிதான். வேறு இடத்துக்கு வர இஷ்டமா என்று ஆத்தாளையே பூவாக்குக் கேட்டுவிடலாம் என்றாள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. ஆத்தாள் இடம் மாறச் சம்மதித்துவிட்டாள். கரையின் கிழக்குக் கோடியில், மேட்டுப் புளியமரத்தடியில், எழுத்தும் கிழுத்தும் இல்லாத ஒரு வெறுங்கல்லை நட்டு மடையாத்தாளைக் கூட்டிக்கொண்டு போய்க் குடிவைத்தார்கள். அத்தனை கூடைக் களிமண்ணும் அதன் காலடியில் விழுந்தது. அதே கும்மி, அதே மிதி, அதே கிடாய். ஒரு முறை பிசகவில்லை. சர்க்காருக்கும் குறையில்லை, சாமிக்கும் குறையில்லை என்று எல்லாரும் கறிச்சோறு தின்றுவிட்டுத் திருப்தியாக வீடு திரும்பினார்கள். இப்படி ஊரே திருப்திப்பட்ட ஒரு நாளைப் பார்த்துத்தான் பயந்திருக்க வேண்டும்.

புளியமரத்தடி மேடு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. நன்றாக மிதித்து இறுகிய களி, மண்வெட்டி பட்டால் எகிறும். இந்தப் பக்கம் வேலிக்குள்ளே, தலைமுறை தலைமுறையாகத் தூணின் காலடியில் சேர்ந்த பழைய களி, மேலே புது மண் இல்லாமல் ஒவ்வொரு கோடையிலும் பாளம் பாளமாக வெடித்தது. ஓவர்சியர் வந்தால் இடம் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று மயில்சாமி அந்தப் பாளங்களைப் பெயர்த்து, துடைப்பத்தால் கூட்டி, கூடையில் அள்ளி வெளியே கொட்டினான். கல் பளிச்சென்று நின்றது. வாய்க்கால் நுழைகிற மூலையில் நண்டுகள் வளை பறித்ததையும் பார்த்தான். நண்டு எழுத்தைத் தின்னாது என்று விட்டுவிட்டான்.

இதெல்லாம் சேர்ந்துதான் ராமாயியின் வீட்டுக்குப் பின்னால் ஊற்றாக வந்தது. ஆடியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அந்த ஊற்றுக்கு நன்றியாக மடையாயி என்று பேர் வைத்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையோடு பிறந்தது. கொல்லிமலை பகலிலும் கண்ணுக்குத் தெரியாமல் கறுத்துக் கிடந்தது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீரில் ஏரி கரையின் கழுத்து வரை ஏறி நின்றது. ஊற்று திரும்பி வந்தது. இந்தத் தடவை தொடை தடிமனுக்கு வந்தது. ஆடுகள் அந்தப் பக்கம் போக மறுத்தன. கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் காலை ஊன்றிக்கொண்டு நின்றன.

ஒரு நாள் விடிந்ததும் மயில்சாமி பேத்தியைப் பார்க்க வந்தான். ராமாயி குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்கப்பா, ஊத்துத் தண்ணி கலங்கலா வருதுங்க. மொண்டு குடிக்க முடியல."

"மழை பேஞ்சாக் கலங்கத்தான கண்ணு செய்யும்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனவன் ஊற்றில் கையை விட்டுப் பார்த்தான். உள்ளங்கையில் ஒட்டிய மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தான். கரைக்கு இந்தப் பக்கம் முழுக்கச் செம்மண். கையில் ஒட்டியிருந்தது சாம்பல் நிறக் களி. ஏரிக்குள்ளே தவிர வேறு எங்கும் அந்த மண் கிடையாது. கரை உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருந்தது. அது அவனுக்குப் புரிந்துவிட்டது, புரியவில்லை என்று அவன் பின்னால் சாதிக்கவும் இல்லை.

அப்போதே கரைமேல் ஏறி ஒரு குரல் கொடுத்திருந்தால் ஊர் கூடியிருக்கும். கதவைத் திறந்துவிட்டு, மூலையில் களிமண்ணைக் கொட்டி மிதித்திருக்கலாம். ஆனால் அப்படிக் கூப்பிட்டால், நாலு வருஷமாக இதை நான்தான் தடுத்தேன் என்று ஆத்தாயி முன்னாலும் மணியக்காரர் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டும். சர்க்கார் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவந்துவிட்டால் அந்த அவமானம் இல்லை. புது உத்தரவு வந்தது, திறந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஓவர்சியர் நாமக்கல்லில்தான் முகாம் போட்டிருந்தார். மலைக்கோட்டை மதிலில் சரிந்த கல்லை ஏற்றிவைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது.

"நான் நாமக்கல் போயி ஓவர்சியர் ஐயாவக் கண்டுட்டு வந்தர்றேன்" என்றான்.

"ஆத்தாயிக்கா மேட்டுக்குப் போயிர்லாம்னு சொல்லுதுங்கப்பா. ராத்திரியெல்லாம் கரைக்குள்ள என்னமோ முனகறாப்பல கேக்குதாம். எனக்கும் கேட்டுதுங்க."

மயில்சாமி மகளின் முகத்தைப் பார்க்காமல் பட்டையைச் சரிசெய்துகொண்டான். "நீ மூட்டையத் தூக்கீட்டு மேடேறுனீன்னா ஊரு என்ன சொல்லும்? காவக்காரன் மவளே ஓடறாடான்னு அத்தனை பேரும் அலறிப்போட்டு ஓடுவாங்க. ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கறேன். பொழுது உழுகறதுக்குள்ள வந்தர்றேன். நான் வந்து சொல்றவரைக்கும் ஊட்ட உட்டு எங்கயும் போவாத சாமி."

"சரிங்கப்பா" என்றாள் ராமாயி. சின்ன வயதிலிருந்தே அவன் சொல்லுக்கு மறுசொல் பேசி அறியாதவள். குழந்தை இருமியது. அவள் உள்ளே போனாள். மயில்சாமி வேலிக் கதவின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான்.

சண்டைக் காலத்துக் கரிப் பஸ் அது. பின்னால் கட்டிய அடுப்பில் கரியைப் போட்டுக் கிளறிக் கிளறி ஓட்ட வேண்டும், மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். நாமக்கல் போய்ச் சேரும்போதே உச்சிப் பொழுது ஆகிவிட்டது. ஓவர்சியர் மலைமேல் அளவெடுத்துக்கொண்டிருந்தார். பாறை வழுக்குகிறது, மேலே யாரையும் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று அடிவாரத்தில் கொத்தனார் ஒருவர் தடுத்தார். அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கொத்தனாரே ஏறிப் போய்ச் சொல்லியிருப்பார். மயில்சாமி சொல்லவில்லை. பெரியவர்கள் வேலையாக இருக்கும்போது சேவகன் ஓரமாகக் காத்து நிற்பதுதான் மரியாதை என்று அவனுக்குப் பழகிப்போயிருந்தது. பாறைச் சரிவில் தண்ணீர் வெள்ளை வெள்ளையாக வழிவதைப் பார்த்தபடி, துண்டால் வில்லையை மூடிக்கொண்டு, கூரையடியில் ஒடுங்கி நின்றான். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் நின்றான்.

உபகாரசாமி குடையோடு இறங்கி வந்தபோது அவனைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மயில்சாமி, இந்த மழையில? கல்லுக்கு ஒண்ணும் இல்லையே?"

"கல்லுக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா. கரைதானுங்க கொஞ்சம் கசியுது. தூணுக்குக் காலடியில களிமண்ணு கொட்டலாம்னா, உத்தரவு இல்லீங்களே. அதான் கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அவர் சிரிப்பு நின்றது. "கசியற தண்ணி தெளிவா வருதா, கலங்கலா வருதா?"

"கலங்கலுங்க ஐயா. ஏரி மண்ணு வருதுங்க."

"யாரு உன்னை மண்ணு போட வேண்டாம்னு சொன்னது?"

"நீங்கதானுங்க ஐயா."

"எழுத்து மேல பூசாதேன்னு சொன்னேன்யா! கரைக்கு மண்ணு போடாதேன்னா சொன்னேன்? வருஷா வருஷம் போட்டுட்டு வந்தாங்களே, அதையுமா நிறுத்தினே?" அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் கத்தினார். கொத்தனார்கள் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தக் கல்லுலயே என்ன எழுதியிருக்கு? ஏரி காத்தான்னுதானே எழுதியிருக்கு? ஊருக்குச் சொன்னியா? கீழ இருக்கற ஜனங்களை மேல ஏத்தினியா?"

அவர் குடையை எறிந்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் பக்கம் ஓடினார். ஓடுகிறபோதே திரும்பி, "நீ ஊருக்கு ஓடு! முதல்ல ஜனங்களை வெளியேத்து!" என்று கத்தினார்.

திரும்புகிற கரிப் பஸ் அன்றைக்குப் போல என்றைக்கும் மெதுவாக ஊர்ந்ததில்லை. நனைந்த கரி புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. மயில்சாமி இறங்கி இறங்கித் தள்ளினான். மற்றவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் அவன் மட்டும் பின்னால் ஓடியே வந்தான். மடையாத்தாளைக் கூப்பிட்டான். எந்தக் கல்லைப் பார்த்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு கல்லையும் கூப்பிட்டான்.

கல்மடை ஓடை ரோட்டைக் கடக்கிற இடத்தில் பஸ் நின்றுவிட்டது. எந்த மழைக்கும் முழங்கால் அளவைத் தாண்டாத ஓடை, மரத்தின் இடுப்பு உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. காட்டு வெள்ளம் என்றால் செம்மண் நிறத்தில் வரும். இது சாம்பல் நிறத்தில் வந்தது. "எங்கயோ ஏரி ஒடைஞ்சிருச்சாட்ட இருக்குது" என்று டிரைவர் சாதாரணமாகச் சொன்னார். கிளுவை வேலி ஒன்று அப்படியே பாய் மாதிரி மிதந்து போனது. செத்த ஆடு ஒன்று போனது. பின்னாலேயே ஒரு பலகை வந்து, கரையோர வேரில் தட்டி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. 'சேதப்படுத்துவோருக்கு' என்ற வரி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தினமும் துணியால் துடைத்த எழுத்து, மயில்சாமிக்குக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

ஓடைக் கரையோடே முள்ளிலும் சேற்றிலும் விழுந்து எழுந்து அவன் ஊருக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. கரையின் நடுவில், கரை இருக்க வேண்டிய இடத்தில், வானம் தெரிந்தது. ஏரி காலி. கீழ்வளவு இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு வழவழவென்று கிடந்தது. ஒரு சுவர்கூட நிற்கவில்லை. உடைப்பின் ஓரத்தில் இரட்டைத் தூண்கள் மட்டும் நெட்டுக்குத்தாக நின்றன. வெள்ளம் கழுவிவிட்டதில் எழுத்து ஒவ்வொன்றும் புதிதாக வெட்டியது போலத் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை.

ஊர் ஜனம் புளியமரத்து மேட்டில் ஈரத்தோடு நின்றது. அவனைப் பார்த்ததும் விலகி வழிவிட்டது. ஆத்தாயி கையில் ஒரு துணிப் பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். உள்ளே மடையாயி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எம் மவ எங்கக்கா?"

"மத்தியானமே தண்ணி பீச்ச ஆரம்பிச்சிருச்சு மயிலு. வளவே மேல ஏறிட்டோம். கருப்பண்ணன் வேலியப் பிச்சுப்போட்டு மண்ணு கொட்டச் சொன்னாரு. நாலு கூடை உழுகறதுக்குள்ள மூலையே உள்ள போயிருச்சு." ஆத்தாயி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவளக் கையப் புடிச்சு இழுத்தேன் சாமி. அப்பன் வந்து சொல்லாம ஊட்ட உட்டு வாரமாட்டேன்னுட்டா. புள்ளையாவது குடுடீன்னு கத்துனேன். ரொம்ப நேரம் நின்னு பாத்துப்போட்டுக் குடுத்தா. 'கொழந்தைக்குச் சளி புடிச்சிருக்குது, நனையாமக் கொண்டு போங்கக்கா. அப்பா இப்ப வந்துருவாரு, வந்ததும் பின்னாலயே வாரேன்'ன்னா. அப்பறம் அவ வரவேயில்ல."

சேற்றில் ஆட்கள் கழியால் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இதுவரை அவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆத்தாயி குழந்தையை நீட்டினாள். மயில்சாமி வாங்கவில்லை. அவன் கண் புதுக் கல்லின் காலடியில் நின்றது. நாலு ஆடிக் களிமண், ஊர் மிதித்து மிதித்து இறுக்கிய களிமண், ஆள் உயரத்துக்கு ஒரு பொட்டு கரையாமல் நின்றுகொண்டிருந்தது. யாரோ போட்டுவிட்டுப் போயிருந்த மண்வெட்டியை எடுத்தான். வெட்டிக் கூடையில் நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு, கரையோடு நடந்து, உடைப்பின் விளிம்பில் இறங்கி, தூணின் காலடியில் கொட்டினான். ஏறி மிதித்தான். அவனுக்குப் பின்னால் ஏரியும் இல்லை, முன்னால் வளவும் இல்லை. மணியக்காரர் ஒரு அடி எடுத்துவைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். மயில்சாமி அடுத்த கூடைக்குத் திரும்பிப் போனான்.

பொழுது சாய்கிற நேரத்தில் தாலுகா ஆபீஸ் ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் உபகாரசாமி சைக்கிளைச் சேற்றில் தள்ளிக்கொண்டு வந்தார். உடைப்பைப் பார்த்தார். வெறும் ஏரியைப் பார்த்தார். தூணையும், அதன் காலடியில் முழங்கால் வரை களியில் நின்று மிதித்துக்கொண்டிருக்கிற ஆளையும் பார்த்தார். பட்டையும் வில்லையும் களி அப்பி அடையாளமே தெரியவில்லை. விஷயத்தை யாரோ அவர் காதில் சொன்னார்கள். அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உடைப்பில் இறங்கி, மயில்சாமியின் தோளைத் தொட்டார்.

"போதும்யா. விட்டுடு."

மயில்சாமி நிமிர்ந்தான். சேவகன் அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்கதானுங்க ஐயா, போடலாம்னு சொன்னீங்க" என்றான்.

அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மேட்டிலிருந்து குழந்தை பசிக்கு அழுகிற சத்தம் கேட்டது. மயில்சாமி காலியான கூடையை எடுத்துக்கொண்டு புளியமரத்துப் பக்கம் நடந்தான்.